பாராட்டும் ஒரு நிர்வாகக் கடமையே

ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாள் பெங்களூரு நகரின் அரசுப் பள்ளிகளில் வழக்கமான வகுப்புகள் சற்று ஒதுங்கி நிற்கின்றன. வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டப்படுகிறது. மேசை மீது டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவர்களின் படம் மாலையுடன் வைக்கப்படுகிறது. மாணவர்கள் ஆசிரியர்களுக்கு மலர் கொடுக்கின்றனர், அலுவலர்கள் உரையாற்றுகின்றனர், ஓரிருவருக்குச் சால்வை அணிவிக்கப்படுகிறது. மறுநாள் காலை பள்ளி மீண்டும் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆண்டின் எஞ்சிய நாட்களில் அப்பள்ளியில் நடைபெறும் நற்பணியை யார் கவனிக்கிறார்கள், யார் குறித்து வைக்கிறார்கள், அதற்கு என்ன மறுமொழி கிடைக்கிறது என்னும் வினா அவ்விழாவில் எழுவதில்லை.

இந்நாளின் வரலாற்றிலேயே அவ்வினாவுக்கு ஒரு விடை இருக்கிறது. 1888ஆம் ஆண்டு திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணன், 1918 முதல் 1921 வரை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றினார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்று அவர் மைசூரை விட்டுப் புறப்பட்டபோது, மாணவர்கள் மலர்களால் அணி செய்த வண்டியில் அவரை அமர்த்தித் தாங்களே புகைவண்டி நிலையம் வரை இழுத்துச் சென்றனர். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் பிறப்பிக்கப்படவில்லை. மூன்று ஆண்டுகள் அவருடைய வகுப்பில் அமர்ந்து, அவருடைய பணியை நேரில் அறிந்தவர்கள் செய்த மரியாதை அது. அவர் குடியரசுத் தலைவரான 1962ஆம் ஆண்டு முதல் அவரது பிறந்த நாள் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. 1921இல் வண்டியை இழுத்த மாணவர்களுக்கு இருந்தது நேரடி அறிவு. இன்று பல விழாக்களில் குறைவாக இருப்பதும் அதுவே.

ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் ஒரு கல்வி மாவட்டத்தில் அத்தகைய நேரடி அறிவை எவ்வாறு உண்டாக்குவது? ஆசிரியர், ஊழியர், மாணவர் ஆகிய மூவகையினரின் உழைப்பையும் உரிய முறையில் போற்றுவது எவ்வாறு? கர்நாடகத்தின் அனுபவம் இது குறித்துப் பயனுள்ள சில பாடங்களை அளிக்கிறது.

கல்வி மாவட்டத்தின் அமைப்பு

கர்நாடக மாநிலத்தில் வருவாய் மாவட்டங்கள் 31. கல்வி நிர்வாகத்தின் வசதிக்காகச் சில மாவட்டங்கள் பிரிக்கப்பட்டுள்ளதால் கல்வி மாவட்டங்கள் 35. பெங்களூரு நகரம் வடக்கு, தெற்கு என இரு கல்வி மாவட்டங்களாக உள்ளது. பெங்களூரு ஊரக மாவட்டம் தனியாக இயங்குகிறது. ஒவ்வொரு கல்வி மாவட்டத்துக்கும் பொதுக் கல்வித் துறையின் துணை இயக்குநர் ஒருவர் தலைமை வகிக்கிறார். அவருக்குக் கீழே வட்டாரக் கல்வி அலுவலர்களும், அவர்களுக்கும் கீழே பல பள்ளிகளை ஒன்றிணைக்கும் குறுவள மையப் பொறுப்பாளர்களும் பணிபுரிகின்றனர். நகரில் இவற்றோடு மாநகராட்சி நிர்வாகம் நடத்தும் பள்ளிகளும் உண்டு.

பெங்களூரு நகரின் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு தனி இயல்பு இருக்கிறது. கட்டட வேலைக்காக வட கர்நாடகத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறும் தொழிலாளர்களின் பிள்ளைகள் இவற்றில் மிகுதியாகப் பயில்கின்றனர். கன்னடம் பயிற்றுமொழியாக உள்ள பள்ளிகளே மிகுதி எனினும், உருது, தமிழ், தெலுங்கு வழிப் பள்ளிகளும் நகரில் இயங்கி வந்துள்ளன. ஒரே வகுப்பில் மூன்று அல்லது நான்கு தாய்மொழிகளைப் பேசும் குழந்தைகள் அமர்ந்திருப்பது இங்கு அரிதன்று. ஆண்டின் நடுவில் சேர்ந்து, கட்டடம் முடிந்ததும் வேறிடம் சென்றுவிடும் குழந்தையும் உண்டு. இத்தகைய வகுப்பை நடத்தும் ஆசிரியரின் திறமை, ஆண்டு இறுதித் தேர்ச்சி விழுக்காட்டில் முழுமையாக வெளிப்படுவதில்லை. அதனை அறிய வேண்டுமானால் வகுப்பறைக்குள் சென்று பார்த்தல் இன்றியமையாதது.

விருதுகளின் பயனும் எல்லையும்

ஆசிரியர்களைப் போற்றுவதற்கு இந்தியா வகுத்த முதன்மையான ஏற்பாடு தேசிய நல்லாசிரியர் விருது. 1958ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இவ்விருது பல்லாண்டுகளாக ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு வழங்கப்பட்டு வந்தது. 2018ஆம் ஆண்டு தேர்வு முறை மாற்றியமைக்கப்பட்டது. ஆசிரியர் தாமே கணினி வழியாக விண்ணப்பிக்கலாம் என்றும், மாவட்டக் குழு, மாநிலக் குழு, தேசிய நடுவர் குழு என மூன்று படிகளில் பரிசீலனை நடைபெறும் என்றும் விதிக்கப்பட்டது. விருதுகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டு, அவ்வாண்டு 45 பேருக்கு வழங்கப்பட்டது. வெள்ளிப் பதக்கம், சான்றிதழ், ரூ. 50,000 ஆகியவை விருதில் அடங்கும்.

இம்மாற்றத்தில் நன்மை உண்டு. பரிந்துரைக்கும் அதிகாரிக்கு வேண்டியவருக்கே விருது கிடைக்கும் என்ற ஐயத்தை அது குறைத்தது. எண்ணிக்கை குறைந்ததால் விருதின் மதிப்பும் உயர்ந்தது. ஆயினும் எளிய கணக்கு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 2024–25ஆம் கல்வியாண்டில் நாட்டின் பள்ளி ஆசிரியர் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்துள்ளது. ஐம்பது பேருக்கு விருது அளிக்கப்பட்டாலும் அது இரண்டு இலட்சம் பேரில் ஒருவருக்குக் கிடைப்பதாகும். மாநில, மாவட்ட விருதுகளைச் சேர்த்தாலும் பெரும்பாலான ஆசிரியர்கள் தம் பணிக்காலம் முழுவதிலும் எவ்விருதும் பெறாமலேயே ஓய்வு பெறுவார்கள். விருது ஓர் உயர்ந்த முன்மாதிரியைச் சுட்டிக் காட்டலாம். ஒரு மாவட்டத்தின் அன்றாட உழைப்பை அதனால் போற்றிவிட இயலாது.

மற்றோர் இடர்ப்பாடும் இருக்கிறது. தாமே விண்ணப்பிக்கும் முறையில், தம் பணியைப் புகைப்படமாகவும் காணொளியாகவும் பதிவு செய்து வைத்திருப்பவருக்கு வாய்ப்பு மிகுதி. தம்மைப் பற்றித் தாமே எழுதக் கூசும் ஆசிரியர்களும், பதிவு செய்ய நேரமில்லாத ஓராசிரியர் பள்ளி ஆசிரியர்களும் பின்தங்க நேரிடும். இக்குறையை நீக்கும் பொறுப்பு மாவட்ட அலுவலகத்துக்கே உரியது. தகுதி உள்ளவரைத் தேடிக் கண்டறிந்து விண்ணப்பிக்கத் தூண்டுவதும், ஆவணங்களைத் திரட்ட உதவுவதும் அலுவலரின் பணியில் அடங்கும்.

பள்ளி முழுவதையும் போற்றிய ஒரு முயற்சி

தனி ஒருவரை விடுத்துப் பள்ளி முழுவதையும் பாராட்டுக்கு உரிய அலகாகக் கொண்ட முயற்சி ஒன்று கர்நாடகத்தில் நடந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை, மாநில அரசுடன் இணைந்து 2002ஆம் ஆண்டு ‘கற்றல் உறுதித் திட்டம்’ ஒன்றை வடகிழக்குக் கர்நாடக மாவட்டங்களில் தொடங்கியது. இதில் சேர எந்தப் பள்ளியும் கட்டாயப்படுத்தப்படவில்லை. விரும்பிய பள்ளிகள் தாமே முன்வந்தன. பகுதியிலுள்ள குழந்தைகள் அனைவரும் பள்ளியில் சேர்ந்துள்ளனரா, சேர்ந்தவர்கள் ஒழுங்காக வருகின்றனரா, வருபவர்கள் கற்கின்றனரா என்னும் மூன்று அளவுகோல்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டன. கற்றலை அளந்தவர்கள் அப்பள்ளியைச் சாராத மதிப்பீட்டாளர்கள்.

முதல் ஆண்டில் ஏறத்தாழ 900 பள்ளிகள் முன்வந்தன. அளவுகோலை எட்டியவை 40 மட்டுமே. அடுத்தடுத்த ஆண்டுகளில் முன்வந்த பள்ளிகளின் தொகையும், தேர்ச்சி பெற்ற பள்ளிகளின் தொகையும் பெருகின. இங்கு எண்ணிக்கையை விடச் சிறப்பாகக் கருதத்தக்கது வேறொன்று. தோல்வியுறும் வாய்ப்பு மிகுதி என்பதை அறிந்தும் நூற்றுக்கணக்கான அரசுப் பள்ளிகள் வெளியாரின் மதிப்பீட்டுக்குத் தம்மை உட்படுத்திக்கொண்டன. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மதிப்பீட்டை வெறுப்பவர்கள் என்ற பரவலான கருத்துக்கு அது தக்க மறுப்பாக அமைந்தது. அளவுகோல் தெளிவாகவும், அளப்பவர் நடுநிலையாளராகவும், பங்கேற்பு விருப்பத்தின் பேரிலும் இருக்குமாயின் ஆசிரியர் சமுதாயம் அதனை வரவேற்கும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

பணப் பரிசு பற்றிய ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. ஆந்திரப் பிரதேசத்தின் அரசு தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுச் சம்பளத்தில் சராசரியாக 3 விழுக்காடு அளவிலான ஊக்கத்தொகையே மாணவரின் கற்றலைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தியது. ஆசிரியர்களின் வருகையில் மாற்றம் காணப்படவில்லை. வந்த நாட்களில் கற்பிக்கும் முயற்சியே கூடியது. இதற்கு மாறாக, நியூயார்க் நகரில் 2007 முதல் சில ஆண்டுகள் பள்ளிகளுக்கு அளிக்கப்பட்ட ஊக்கத்தொகைத் திட்டம் மாணவரின் கற்றலில் முன்னேற்றம் எதையும் காட்டாமையால் 2011இல் கைவிடப்பட்டது. ஆகவே பணம் தானாகவே பயன் விளைவிப்பதில்லை. ஆசிரியர் தம் முயற்சிக்கும் பரிசுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக உணர்ந்தால்தான் அது ஊக்கமாகிறது.

அறிவுக்கு அளித்த மதிப்பு

ஆசிரியரைப் போற்றுவதற்குச் சால்வையும் பணமும் இன்றி வேறொரு வழியும் உண்டு. அவருடைய அனுபவ அறிவை ஏற்று அதன்படி பள்ளியை நடத்துவதே அது. மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில் 1995ஆம் ஆண்டு ‘நலி-கலி’ என்னும் கற்பித்தல் முறை தொடங்கப்பட்டது. ஆடிப்பாடி மகிழ்வுடன் கற்றல் என்பது இக்கன்னடப் பெயரின் கருத்து. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யூனிசெப் இதற்குத் துணை நின்றது. ஆந்திரப் பிரதேசத்தின் ரிஷிவேலிக் கல்வி மையத்தின் ஊரகப் பள்ளிகளை நேரில் கண்டு வந்த அரசுப் பள்ளி ஆசிரியர்கள், தங்கள் பகுதிக் குழந்தைகளுக்கு ஏற்றவாறு கற்றல் அட்டைகளைத் தாமே உருவாக்கினர். பாடநூலை மேலிடத்திலிருந்து பெற்று ஒப்பிப்பவராக இருந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர், இதனால் பாடத்தை ஆக்குபவராக உயர்ந்தார்.

பின்னர் இம்முறை மாநிலம் முழுவதிலும் உள்ள அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. ஒரு வட்டத்து ஆசிரியர்களின் முயற்சியை அரசு மாநிலக் கொள்கையாக ஏற்றுக்கொண்டதைவிடப் பெரிய பாராட்டு அவர்களுக்கு வேறென்ன இருக்க முடியும்? அதே சமயத்தில் ஓர் எச்சரிக்கையும் இதில் அடங்கியுள்ளது. ஆசிரியர்கள் விரும்பி ஆக்கிய முறை, ஆணையின் வாயிலாகப் பிற பள்ளிகளைச் சென்றடையும்போது, அங்குள்ள ஆசிரியருக்கு அது மீண்டும் மேலிருந்து வந்த பொருளாகிவிடக்கூடும். ஆகையால் புதிய இடங்களிலும் ஆசிரியர் அதனைத் திருத்தியமைக்க இடம் அளித்தல் வேண்டும்.

நியாயமே முதல் மரியாதை

1966 அக்டோபர் 5ஆம் நாள் பாரிசு நகரில் யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் கூடி ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரையை ஏற்றுக்கொண்டன. 1994 முதல் அந்நாளே உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஆசிரியரின் ‘நிலை’ என்பதற்கு அப்பரிந்துரை இரு பொருள்களை இணைத்தே தருகிறது. சமுதாயம் அவர்பால் கொண்டுள்ள மதிப்பு ஒன்று. அவருக்குரிய பணிச் சூழலும் ஊதியமும் மற்றொன்று. முன்னது இருந்து பின்னது இல்லாவிடின் அந்த மரியாதை வெறும் வாய்ச்சொல்லாகவே நின்றுவிடும்.

இவ்வகையில் கர்நாடகம் எடுத்த நடவடிக்கை ஒன்று குறிப்பிடத்தக்கது. ஆசிரியர் இடமாற்றம் பல மாநிலங்களில் செல்வாக்குக்கும் சிபாரிசுக்கும் இடம் தரும் துறையாக இருந்து வந்துள்ளது. கர்நாடக அரசு 2007ஆம் ஆண்டு ஆசிரியர் இடமாற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே இயற்றியது; 2020இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவரப்பட்டது. முன்னுரிமை வரிசையும் பொதுக் கலந்தாய்வும் இதன் அடிப்படைகள். பெங்களூரு போன்ற நகரில் பணியிடம் பெற விரும்புவோர் மிகப் பலர். தொலைவிலுள்ள சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் செல்ல விரும்புவோர் சிலரே. எல்லோரையும் நிறைவு செய்யும் இடமாற்ற முறை எங்கும் இல்லை. ஆயினும் தொலைவான ஊரில் பல்லாண்டு உழைத்தவரின் பணி வரிசைப் பட்டியலில் அவருக்குச் சாதகமாக எண்ணப்படுகிறது என்ற உறுதி, மேடையில் அளிக்கும் சால்வையைவிட நெடுங்காலம் நிலைத்து நிற்கும்.

இதுபோலவே, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிரப் பிற கல்வி சாராப் பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தலாகாது என்று விதிக்கிறது. ஆசிரியரின் நேரம் மாணவருக்கு உரியது என்னும் கோட்பாடு இதில் அடங்கியுள்ளது. அந்த நேரத்தைக் காத்துத் தருதலும் போற்றுதலின் ஒரு வடிவமே.

கண்ணில் படாத ஊழியர்கள்

பள்ளியின் காலைப் பொழுது ஆசிரியரோடு தொடங்குவதில்லை. கர்நாடகத்தில் 2013 ஆகஸ்டு 1ஆம் நாள் ‘க்ஷீர பாக்கியத்’ திட்டம் தொடங்கப்பட்ட பின்னர், மாணவருக்குப் பால் காய்ச்சி வழங்குவதும் சமையல் பணியாளரின் வேலையாகச் சேர்ந்தது. அரசின் மதிய உணவுத் திட்டமான ‘அட்சர தாசோகம்’ 2002இல் மாநிலத்தின் வடகிழக்கு மாவட்டங்களில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஏனைய பகுதிகளுக்கும் பரவியது. பெங்களூரில் 2000ஆம் ஆண்டு 5 பள்ளிகளில் 1,500 குழந்தைகளுக்கு உணவு அளிக்கத் தொடங்கிய அட்சய பாத்திர அறக்கட்டளை, பெரிய பொதுச் சமையற்கூடங்களிலிருந்து பள்ளிகளுக்கு உணவு அனுப்பும் முறையை வளர்த்தது. இதனால் நகரின் பல பள்ளிகளில் சமைப்பவர் வேறோரிடத்தில் இருக்கிறார். வந்த உணவை வாங்கி, பரிமாறி, பாத்திரம் துலக்கி, இடத்தைத் தூய்மை செய்யும் உதவியாளர்கள் மட்டுமே பள்ளியில் காணப்படுகின்றனர்.

இப்பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சட்டப்படி இவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர், மதிப்பூதியம் பெறுபவர்கள். 25 மாணவர் வரை ஒருவர், 26 முதல் 100 வரை இருவர், அதற்குமேல் ஒவ்வொரு 100 மாணவருக்கும் மற்றுமொருவர் என்பது மைய அரசின் நெறிமுறை. 2009 டிசம்பர் முதல் மாதம் ரூ. 1,000 வீதம் ஆண்டில் பத்து மாதங்களுக்கு மதிப்பூதியம் என அந்நெறிமுறை வகுத்தது. கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் தம் நிதியிலிருந்து கூடுதல் தொகை சேர்த்து வழங்குகின்றன. எனினும், ஆண்டுக்கு ரூ. 10,000 என்னும் அடிப்படைக் கணக்கே இப்பணிக்குச் சமுதாயம் இட்டுள்ள விலையை வெளிப்படுத்துகிறது. தம் கோரிக்கைகளை வலியுறுத்தி மதிய உணவுப் பணியாளர்கள் பெங்களூரின் சுதந்திரப் பூங்காவில் பலமுறை கூடியுள்ளனர். அவர்களை ஆசிரியர் தின மேடையில் ஏற்றி மாலை அணிவித்தல் நன்று. மதிப்பூதியத்தைக் காலம் தாழ்த்தாது வழங்குதல் அதனினும் நன்று.

காலிப் பணியிடங்களை நிரப்பக் கல்வியாண்டுக்கு மட்டும் அமர்த்தப்படும் விருந்தினர் ஆசிரியர்களின் நிலையும் இத்தகையதே. நிரந்தர ஆசிரியர் எடுக்கும் அதே வகுப்பை அவர்களும் எடுக்கின்றனர். மாணவர் பார்வையில் இருவரும் ‘டீச்சர்’தான். பதிவேட்டில் மட்டும் வேறுபாடு உண்டு. ஆண்டு முடிந்ததும் பணியும் முடிகிறது. அவர்களுடைய நற்பணி எழுத்தில் பதிவு செய்யப்பட்டால்தான் அடுத்த கல்வியாண்டில் அதற்கு மதிப்பு இருக்கும். பள்ளித் தலைமையாசிரியர் எழுதித் தரும் ஒரு பக்கச் சான்று, விருந்தினர் ஆசிரியர் ஒருவருக்கு எந்த விருதைக் காட்டிலும் பயன் தரக்கூடியது.

மாணவரைப் போற்றும் முறை

மாணவரைப் பாராட்டுவது எளிது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. முதல் மதிப்பெண் பெற்றவருக்குப் பரிசு, நூறு விழுக்காடு வருகை தந்தவருக்குச் சான்றிதழ் என்பன வழக்கமான முறைகள். ஆனால் இவற்றின் விளைவு எப்போதும் எதிர்பார்த்தபடி அமைவதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 14 பொதுப் பள்ளி மாவட்டங்களைச் சேர்ந்த 15,329 மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. ஒரு மாதம் முழுமையாகப் பள்ளிக்கு வந்த மாணவருக்கு, முன்னறிவிப்பின்றி வருகை விருது வழங்கப்பட்டது. அதன் பின்னர் அவர்களுடைய வருகை உயர்வதற்கு மாறாகச் சற்றே குறைந்தது. மற்றவர்களைவிடத் தாங்கள் மிகுதியாகவே பள்ளிக்கு வந்துவிட்டதாக அவ்விருது அவர்களுக்குச் சொல்லாமற் சொல்லியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர்.

குழந்தையின் அறிவுக்கூர்மையைப் புகழ்வதற்கும், அதன் முயற்சியைப் புகழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை 1998இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வு எடுத்துக் காட்டியது. கெட்டிக்காரர் என்று புகழப்பட்ட குழந்தைகள் கடினமான கணக்குகளில் தோற்றபோது விரைவில் மனம் தளர்ந்தனர். நன்கு முயன்றாய் எனப் புகழப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றனர். இடம்பெயர்ந்து வரும் பெற்றோரின் பிள்ளைகள் மிகுந்த பெங்களூரு வகுப்பறைக்கு இம்முடிவு மிகவும் பொருந்தும். ஆண்டின் நடுவில் சேர்ந்து, மூன்று மாதத்தில் புதிய எழுத்து முறையைக் கற்றுக்கொண்ட குழந்தை முதல் மதிப்பெண் பட்டியலில் இடம்பெறப் போவதில்லை. ஆனால் அக்குழந்தை கடந்து வந்த தொலைவு முதல் மாணவரின் தொலைவைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

கர்நாடகக் கல்வித் துறை நடத்தும் ‘பிரதிபா காரஞ்சி’ இவ்வகையில் நல்லதோர் ஏற்பாடு. பேச்சு, பாட்டு, நடனம், ஓவியம் முதலியவற்றில் மாணவர் தம் திறமையைக் குறுவள மையம், வட்டம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாகக் காட்ட இது வாய்ப்பளிக்கிறது. ஏட்டுப் படிப்பில் பின்தங்கிய குழந்தை மேடையில் முன்னிற்க இங்கு இடமுண்டு. வறிய குடும்பத்து மாணவருக்கோ பாராட்டு கல்வியைத் தொடரும் உதவியாகவும் மாற வேண்டும். 2008இல் தொடங்கப்பட்ட தேசிய வருவாய் மற்றும் தகுதி அடிப்படையிலான உதவித்தொகை, எட்டாம் வகுப்பில் தேர்வெழுதித் தேறும் மாணவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உதவுகிறது. 2017 முதல் அதன் தொகை ஆண்டுக்கு ரூ. 12,000 ஆக உயர்த்தப்பட்டது. தகுதியுள்ள மாணவரைக் கண்டறிந்து விண்ணப்பிக்கச் செய்யும் ஆசிரியரும் எழுத்தரும் அம்மாணவரின் பள்ளி வாழ்வு இடையில் முறியாமல் காக்கின்றனர்.

பெற்றோரின் பங்கு

2001ஆம் ஆண்டு கர்நாடக அரசு பிறப்பித்த ஆணையின்படி பள்ளி வளர்ச்சி மற்றும் மேற்பார்வைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மாணவரின் பெற்றோரே இவற்றில் முதன்மை பெறுகின்றனர். குறை கூறுவதற்கான மன்றமாக மட்டும் இவற்றைக் கருதுவது தவறு. ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, உணவு சுவையாக இருக்கிறதா, குழந்தை வீட்டில் உரக்கப் படிக்கிறதா என்பவற்றை நாள்தோறும் அறிந்தவர்கள் பெற்றோர்களே. 1921இல் மைசூர் மாணவர்களிடம் இருந்த நேரடி அறிவு இன்று இவர்களிடம் இருக்கிறது. குழுவின் கூட்டத்தில் குறைகளோடு நற்பணி ஒன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் ஏற்படுமாயின், ஆண்டு முடிவில் மாவட்ட அலுவலகத்துக்கு நம்பத்தக்க பதிவு கிடைக்கும். தனியார் பள்ளிகளை நாடிச் செல்லும் அண்டை வீட்டாருக்கு அரசுப் பள்ளியின் சிறப்பை எடுத்துச் சொல்லவும் அப்பெற்றோருக்கு ஆதாரம் கிடைக்கும்.

செய்யத் தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து கல்வி மாவட்ட அலுவலர் பின்பற்றத்தக்க சில நெறிகள் புலனாகின்றன.

முதலாவதாக, பள்ளியைப் பார்வையிடும் ஒவ்வொரு முறையும், குறைகளோடு தாம் நேரில் கண்ட ஒரு நற்செயலையேனும் அலுவலர் பார்வைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ‘பணி நன்று’ என்னும் பொதுச் சொல் போதாது. எந்த வகுப்பில், எவர், எதனைச் செய்தார் என்று குறிப்பிடப்படுதல் வேண்டும்.

இரண்டாவதாக, அளவுகோல்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட வேண்டும். குழந்தை எங்கிருந்து தொடங்கி எங்கு வந்து சேர்ந்தது என்பதையும் அவை கணக்கிலெடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, பாராட்டுப் பட்டியலில் சமையல் பணியாளர், விருந்தினர் ஆசிரியர், எழுத்தர், காவலர் ஆகியோருக்கும் இடம் இருக்க வேண்டும். அவர்களுக்கு உரிய ஊதியம் நிலுவையில் இருக்கும்போது விழா எடுப்பதைத் தவிர்த்து, முதலில் நிலுவையைத் தீர்த்தல் முறை.

நான்காவதாக, நற்பணி புரிந்தவரின் முறை பிறருக்கும் பயன்படுமாறு குறுவள மையக் கூட்டங்களில் அவரையே விளக்கச் செய்ய வேண்டும். தன்னை ஒத்த பணியாளர்கள் தன்னிடம் கேட்டறிய வருவது ஓர் ஆசிரியருக்குக் கிடைக்கும் உயர்ந்த மரியாதை.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அலுவலரின் கவனமும், பதிவு செய்யும் பழக்கமும், நடுநிலை தவறாத மனமுமே தேவை. ஊதியம் தொடர்பானவற்றுக்கு மட்டும் நிதி வேண்டும். அதனை மேலிடத்துக்கு உணர்த்துவதும் அலுவலரின் கடமையே.

40,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளைக் கொண்ட மாநிலம் கர்நாடகம். அவற்றில் ஏதோ ஒரு பள்ளியில் இன்று காலையும் ஒரு பெண்மணி பால் காய்ச்சியிருப்பார். ஓர் ஆசிரியர் கன்னடம் அறியாத குழந்தைக்கு முதல் எழுத்தைக் கைபிடித்து எழுதக் காட்டியிருப்பார். அக்குழந்தை அதனை இரண்டாம் முறை தானே எழுதியிருக்கும். அதனை அங்கு சென்று கண்டு, பெயரோடு எழுதி வைப்பவர் ஒருவர் மாவட்டத்தில் இருப்பாராயின், செப்டம்பர் 5ஆம் நாள் கட்டப்படும் தோரணத்துக்குப் பொருள் உண்டாகும்.